பெர்பெரே, மிட்மிட்டா, மெக்கெலெஷா: எதை எப்போது போடுவது?

எத்தியோப்பியப் பொடிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: பெர்பெரே (மிளகாய் மசாலாப் பொடி) வாங்கி மிசிர் வொத் (மைசூர்ப் பருப்புக் குழம்பு) செய்தேன். மிளகாய்த்தூளின் பச்சை வாடை போகவே இல்லை. பொடியில் கோளாறா?

பதில்: பருப்பு வெந்த பிறகு பொடியைப் போட்டீர்களா? அப்படியென்றால் கோளாறு பொடியில் இல்லை. முதலில், பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெய் விடாமல் வெறும் பாத்திரத்தில் வதக்க வேண்டும். அடிப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கலாம். அது நன்றாகக் குழைந்ததும் எண்ணெய், அப்புறம்தான் பெர்பெரே. சிறுதீயில், தண்ணீர் தெளித்துத் தெளித்து, எண்ணெய் பிரிந்து கருஞ்சிவப்பாகும் வரை கிளறுங்கள். பருப்பு அதற்குப் பிறகு. கோழிக் குழம்பான டோரோ வொத்துக்கு வெங்காயம் மட்டுமே ஒரு மணி நேரம் வாங்கிவிடும். அவசரக்காரர்களுக்கு ஆகிற சமையல் இல்லை இது.

கேள்வி: பெர்பெரேயை வீட்டிலேயே அரைக்கலாமா?

பதில்: தாராளமாக. அங்கே வீடுகளில் மிளகாயைப் பச்சைப் பூண்டு, இஞ்சியோடு சேர்த்து இடித்து, வெயிலில் காயவைத்த பிறகே அரைக்கிறார்கள். கூடவே வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம். கருஞ்சீரகம் அம்ஹாரிக் மொழியில் ‘கறுப்பு அஸ்முத்’, ஓமம் ‘வெள்ளை அஸ்முத்’. நாம் சீரகம், கருஞ்சீரகம், பெருஞ்சீரகம் என்பது மாதிரிதான்! இதில் சேர்வதில் நம் ஊரில் கிடைக்காதது கொரரிமா. ஏலக்காய்க்குச் சொந்தம், எத்தியோப்பியக் காடுகளில் விளைவது. பதிலுக்குப் பச்சை ஏலக்காய் போடுங்கள். கறுப்பு ஏலக்காய் வேண்டாம், அதன் புகை வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கேள்வி: மிட்மிட்டாவும் இப்படி வதக்க வேண்டியதா?

பதில்: இல்லை. ஊசிமிளகாய், கொரரிமா, கிராம்பு, உப்பு சேர்ந்த பொடி அது. கிட்ஃபோ என்ற கொத்திய மாட்டிறைச்சியில் அப்படியே கலப்பார்கள். தட்டோரத்தில் வைத்துத் தொட்டும் சாப்பிடுவார்கள். முதல் தடவை கால் சிட்டிகை போதும்.

கேள்வி: நான் பால் பொருள் சாப்பிடுவதில்லை. மசாலா நெய்யான நிதெர் கிப்பே இல்லாமல் ருசி வருமா?

பதில்: வரும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பிலும் இறைச்சி, பால், வெண்ணெய் தொடுவதில்லை. எண்ணெயிலேயே சமைக்கிறார்கள். நெய்யின் மணம் இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்ட, அடுப்பை அணைக்கும் முன் மெக்கெலெஷா அரை தேக்கரண்டி தூவுங்கள். அது மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், கொரரிமா கலந்த பொடி. முன்னாலேயே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.