மதினியின் நகையை மீட்டு வையுங்கள்

அண்ணாச்சி, முக்கூடலில் இருந்து பஸ் ஏறி வந்து ஒரு பாடு கவலையைக் கொட்டிவிட்டுப் போனீர்கள். பிள்ளை நல்ல மார்க்தான் வாங்கியிருக்கிறாள், பயம் வேண்டாம். ஆனால் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சீட் வாங்க மதினியின் நகையை அடகு வைத்தது தப்பு. யோசனை சொன்ன மைத்துனரா வட்டி கட்டப் போகிறார்?

அவளுடைய நோட்டைப் புரட்டினேன். ஆயிரம் பீடி சுற்ற அம்மாவுக்கு எத்தனை மணி நேரம், இலை நனைத்து வெட்ட எவ்வளவு, கொடுத்த இலை பற்றாமல் கைக்காசு போட்டது எவ்வளவு, கடையில் கழித்துத் தள்ளியது எத்தனை, கடைசியில் ஒரு மணி நேரத்துக்கு என்ன நிற்கிறது என்று போட்டிருக்கிறாள். இது முழுக்கப் பொருளாதாரம்.

உழைப்பு உண்டாக்கும் மதிப்பில் கூலி போக முதலாளியிடம் தங்குவதை மார்க்ஸ் உபரி மதிப்பு என்றார். ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1933இல் வேறு பக்கமாக வந்தார்: வேலை கொடுக்க ஒரே ஆள்தான் என்றால், தொழிலாளி கூட்டித் தரும் மதிப்புக்குக் கீழே கூலி இறங்கும்; அந்த இடைவெளிதான் சுரண்டல். எது சரி என்று இன்னும் சண்டை ஓயவில்லை. பணத்தை மட்டும் வைத்து வாழ்வை அளக்க முடியாது என்றுதான் 1990இல் பொருளாதார அறிஞர்கள் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்த மனித வளர்ச்சிக் குறியீட்டுக்கு வழி செய்தார்கள். அப்போதும் அடுப்படி வேலை ஜிடிபிக்குள், அதாவது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்குக்குள், வரவில்லை. நம் அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சொந்த வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்களுக்கு அதிலேயே நாளுக்குச் சராசரி 299 நிமிடம் போனது, அப்படிச் செய்யும் ஆண்களுக்கு 97. “அம்மா சமைக்கிற நேரத்தை எதில் சேர்க்க?” என்று உங்கள் பிள்ளை என்னிடம் கேட்டாளே, அதே கேள்வி.

பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேருங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், ஹாஸ்டல் செலவு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். வெறும் பி.ஏ.வோடு நின்றால் பிரயோஜனம் குறைவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. கட்டாயம். அது இருந்தால்தான் மத்திய அரசின் பொருளாதார அதிகாரி வேலைக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வே எழுத முடியும். ஐந்து வருஷம் பொறுக்க முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு பார்ப்போம். ஆனால் அவளுக்குப் பிடிக்காத படிப்புக்குக் கடன் வாங்க மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

சேரும்போது துணைப்பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ உண்டா என்று ஆபீசில் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.