ஊசிதான் போட்டாச்சே, அப்புறம் எதுக்கு மதுரைக்கு அனுப்புறாங்க?

கேள்வி: எங்க சித்தப்பாவை கடலைக்காட்டுல கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. பக்கத்து கவர்மென்ட் ஆஸ்பத்திரியில விஷமுறிவு ஊசி போட்டுட்டு, மதுரை பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போங்கன்னு எழுதி குடுத்துட்டாங்க. மருந்து அங்கயே இருக்கறப்ப எதுக்கு அலைய விடணும்?
– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: அவங்க உங்க சித்தப்பாவை தட்டிக்கழிக்கலங்க, ஊசி போட்டுட்டு அனுப்புனாங்க பாருங்க, அதான் சரியான முறை. கண்ணாடி விரியன் விஷம் ஏறுனா ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் வேணாம், காஞ்ச கண்ணாடி ட்யூப்ல ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வச்சிட்டு சாய்ச்சு பாப்பாங்க, கட்டியா நிக்காம தண்ணியா ஓடுச்சுன்னா உடனே 10 குப்பி மருந்தை ட்ரிப்ஸ்ல ஏத்தணும். இதை ஆரம்ப சுகாதார நிலையத்துலயே செய்யலாம். இதைச் செய்யாம வண்டியில ஏத்தி விட்டாதான் தப்பு, ஏன்னா மதுரை போய் சேர்றதுக்குள்ள விஷம் அது வேலையை பாத்துட்டே இருக்கும்.

ஆனா ஊசி முறிக்கறது ரத்தத்துல சுத்துற விஷத்தை மட்டும்தான், ஏற்கனவே அடிவாங்குன கிட்னியை அது சரி பண்ணாது. மூத்திரம் குறைஞ்சா டயாலிசிஸ் வேணும், ரத்தக்கசிவு நிக்கலைன்னா ரத்த வங்கி வேணும், கடிச்ச எடம் அழுகுனா சர்ஜன் வேணும், இதுவே கட்டுவிரியன் கடியா இருந்து மூச்சு திணறுனா வென்டிலேட்டர் வேணும், இது அத்தனையும் ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆளோட இருக்கணும். சில தாலுகா ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் மெஷின் இருக்கு, ஆனா அது பெரும்பாலும் ரெகுலரா வர்ற கிட்னி நோயாளிங்களுக்கு. திடீர்னு கிட்னி நின்னு போன ஆளை ராவும் பகலும் பாக்குற டாக்டரை ஒவ்வொரு தாலுகாவுலயும் போட நம்மள மாதிரி நாட்டுக்கு கட்டுபடியாகாது, போட்டாலும் எப்பவோ ஒரு கேஸ் வர்ற எடத்துல கை பழகாது.

அதுக்குத்தான் வட்டாரத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஒரு காலத்துல எர்ஸ்கின் ஆஸ்பத்திரின்னு பேர் இருந்த மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி தென் மாவட்டங்களுக்கு பண்ணிட்டிருக்கறது இதைத்தான். வைத்தியம் பாக்கறது மட்டுமில்ல, 1954ல மெடிக்கல் காலேஜ் வந்ததுல இருந்து சுத்துப்பட்டு ஊர்கள்ல வேலை பாக்குற எத்தனையோ டாக்டருங்க அந்த வார்டுலதான் தொழில் கத்துக்கிட்டாங்க. 2022 ஜனவரியில விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல் உட்பட 11 மாவட்டத்துல புது கவர்மென்ட் காலேஜ் வந்துச்சு, அதெல்லாம் நல்லா வேரூன்றுனா மதுரை பாரம் குறையும், உங்களுக்கும் தூரம் குறையும்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் அந்த சீட்டுதான். "மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்"னு ஒரே வரி எழுதி குடுத்தா அங்க கேஷுவாலிட்டியில இருக்கற டாக்டர் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கடிச்ச நேரம், எத்தனை குப்பி எத்தனை மணிக்கு ஏத்துனாங்க, ட்யூப் டெஸ்ட் என்ன காட்டுச்சு, கடைசியா எப்ப மூத்திரம் போச்சு, இவ்வளவும் அதுல இருக்கணும். 108 கிளம்பறதுக்கு முன்னாடி அங்க ஒரு போன் போட்டு சொல்லிட்டீங்களான்னு தயங்காம கேளுங்க. அதே மாதிரி அங்க இருந்து டிஸ்சார்ஜ் ஆகறப்ப கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்டை எப்ப எப்ப பாக்கணும்னு எழுதி வாங்கிக்கங்க, அந்த டெஸ்டை உங்க பக்கத்து ஆஸ்பத்திரியிலயே எடுத்துக்கலாம், அதுக்கும் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்ல.

கேள்வி: அம்மாவுக்கு பிரஷர், சுகர். எதுக்கு ரிஸ்க்னு மாசாமாசம் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிட்டு போறேன். சரிதானே?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: வேணாம்மா. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கிடைக்கும், 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேர் குடுத்தா வீட்டுக்கே கொண்டு வந்து தருவாங்க. சுகர் கட்டுக்குள்ள வரல, கால் புண் ஆறல, பார்வை மங்குதுன்னா அப்ப அங்கயே எழுதி வாங்கிட்டு போங்க. பழைய சீட்டு அத்தனையும் ஒரே பைல்ல இருக்கட்டும்.