டெக்சாஸ் ஆலையில் ஸோன் கணக்கு: மணலியிலிருந்து வரும் தம்பிக்கு

தம்பி, மணலியில் கஸ்டம்ஸ் பாண்ட் கணக்கு பார்த்த நீங்கள், டெக்சாஸ் சிட்டி பக்கம் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் ஃபாரின் டிரேட் ஸோன் (வெளிநாட்டுச் சரக்கை உள்நாட்டுக்குள் எடுக்கும்வரை வரி கட்டாமல் வைத்திருக்கும் தனி வளாகம்) இன்வென்டரி வேலைக்கு வருகிறீர்கள். "அக்கா, இங்கே பார்த்த அதே வேலைதானே? வீடு எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி அதே வேலைதான். மீதிப் பாதிதான் புதியவர்களைத் திணற வைக்கிறது.

முதலில் அளவு. நம் ஊரில் டன்னும் கிலோலிட்டரும், 15 டிகிரி செல்சியஸும். இங்கே எல்லாம் பேரல். ஒரு பேரல் 42 கேலன், 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் திருத்தியது. கப்பல் சரக்கு இறங்கியதும் டேங்க் மட்டமும் வெப்பநிலையும் பார்த்து, அடியில் நிற்கும் தண்ணீர், எண்ணெயில் கலந்த நீரும் வண்டலும் எல்லாம் கழித்து வரும் நிகர அளவுதான் உங்கள் ஏட்டில் ஏறும். கஸ்டம்ஸ் அங்கீகாரம் பெற்ற அளவையாளரின் அறிக்கையை ஓரமாக வைக்காதீர்கள், எண்ணெய் எவ்வளவு இலேசானது என்று காட்டும் ஏ.பி.ஐ. எண்ணில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம்கூடக் காசு. 25-க்குக் கீழே இருந்தால் கச்சாவுக்குப் பேரலுக்கு 5.25 சென்ட் வரி. 25-ஐத் தொட்டுவிட்டால் 10.5 சென்ட். பத்து லட்சம் பேரல் கப்பலுக்கு 24.9-க்கும் 25.0-க்கும் நடுவே 52,500 டாலர் நிற்கிறது.

இன்னொன்று, டன்னில் பழகியவருக்கு முதல் மாதம் தலை சுற்றும். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகமாக இருக்கும்! ஒரு பேரல் கச்சாவிலிருந்து சுமார் 45 கேலன் பொருள் கிடைக்கிறது, ஏனென்றால் பெட்ரோலும் டீசலும் கச்சாவைவிட அடர்த்தி குறைந்தவை. எடை கூடவில்லை, கன அளவுதான் கூடியது. மணலியில் இப்படிக் கணக்கு வந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். இங்கே அந்தக் கூடுதலுக்கென்றே ஏட்டில் இடம் உண்டு.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். பால் சொசைட்டியில் மூன்று வீட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றிய பிறகு, இந்த வெண்ணெய் யார் வீட்டுப் பாலில் வந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஸோன் கணக்கில் தினமும் கேட்கப்படுவது அதுதான். சவுதி எண்ணெயும் டெக்சாஸ் எண்ணெயும் ஒரே டேங்கில் கலந்துவிட்டன. வெளியே போகும் ஒவ்வொரு பேரல் பெட்ரோலையும் ஏட்டளவில் ஏதோ ஒரு மூலப்பொருள் மேல் ஏற்றிச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் 1988-ல் சட்டத்தில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். விதிகள் 19 சி.எஃப்.ஆர். (அமெரிக்க அரசின் விதித் தொகுப்பில் கஸ்டம்ஸ் பகுதி) பாகம் 146-ல், 146.91 முதல் 146.96 வரை. ஆலையின் அசல் உற்பத்திப் பதிவை வைத்துச் சொல்லலாம். அல்லது இன்ன வகைக் கச்சாவிலிருந்து அதிகபட்சம் இவ்வளவுதான் இந்தப் பொருள் எடுக்க முடியும் என்ற அட்டவணையை வைத்துச் சொல்லலாம். அட்டவணை தரும் உச்சத்துக்கு மேல் ஏற்ற முடியாது. கணக்குக் காலம் ஒரு காலண்டர் மாதத்தைத் தாண்டக் கூடாது. விமானத்தில் வரும்போது இந்த ஆறு விதிகளை மட்டும் இரண்டு தடவை படியுங்கள், போதும்.

இதில் அந்தஸ்து என்று ஒரு விஷயம் உண்டு. கச்சாவை உள்ளே எடுக்கும்போதே அதன் வரியைப் பூட்டி வைப்பது 'பிரிவிலேஜ்டு ஃபாரின்'. பூட்டாமல் விட்டால், வெளியே போகும் பொருளின் வரி விழும். பெட்ரோலுக்கு அது பேரலுக்கு 52.5 சென்ட். அதனால்தான் பூட்டுகிறோம். ஆனால் பெட்ரோலியக் கோக் என்னும் கரி, தார், எல்.பி.ஜி. போன்றவற்றுக்கு வரியே இல்லை. அவற்றுக்குப் போகும் பங்கைப் பூட்டாமல் விட்டால் லாபம். அரசின் அனுமதி ஆணைகளிலும் வழக்கமாக இந்தப் பிரிவினை இருக்கும்: துணைப் பொருள், பெட்ரோகெமிக்கல் மூலப்பொருள், ஏற்றுமதி போன்ற சிலவற்றுக்குப் போகும் பங்கு தவிர மற்றதெல்லாம் பூட்டியாக வேண்டும். ஆலை தன் உலையிலேயே எரித்துக்கொள்ளும் எரிபொருளுக்கும் வரி உண்டு. புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். லாரியில் ஏறாததைக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அதிகாரி யாரும் பக்கத்தில் உட்கார்ந்து முத்திரை குத்த மாட்டார். 1986-லேயே அந்த முறையை விட்டுத் தணிக்கை முறைக்கு மாறிவிட்டார்கள். இது சுகம் என்று நினைக்காதீர்கள். கேள்வி இரண்டு வருஷம் கழித்து வரும். அன்றைக்கு அந்த டேங்கின் மட்டம் எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். சரக்கு ஸோனை விட்டு வெளியேறிய பிறகும் ஐந்து வருஷம் ஏடுகள் இருக்க வேண்டும். ஸோன் ஆண்டு முடிந்த 90 நாளுக்குள் வருடாந்தரச் சரிபார்ப்பு அறிக்கை தயாராக வேண்டும். உள்ளே வருவதற்கு 214 படிவம். வாரா வாரம் வெளியே போவதற்கு முதலில் மதிப்பீடு 3461-ல், பிறகு வரியோடு 7501. இதெல்லாம் ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

சேர்ந்ததும் ஆலையின் நடைமுறைக் கையேட்டை வாங்கிக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்குப் போய், அதில் எழுதியிருக்கும் டேங்க் எண்கள் இன்னும் அதே வேலையில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். எக்செல் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. எந்தக் குழாய் எந்த டேங்குக்குப் போகிறது என்று தெரிந்த கணக்காளர்தான் கிடைப்பதில்லை. மாதக் கடைசி நாளும் முதல் வாரமும் சொந்த வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017-ல் ஹார்வி வந்தபோது இந்தக் கரையில் பல ஆலைகள் மூடப்பட்டன. ஏடுகளின் பிரதி ஊருக்கு வெளியே எங்கே இருக்கிறது என்று சேர்ந்த வாரமே கேளுங்கள்.

வீடு விஷயம். நம்மவர்கள் சுகர் லேண்ட், கேட்டி என்று சொல்வார்கள். அங்கிருந்து டெக்சாஸ் சிட்டிக்கு தினமும் ஓட்டினால் வெறுத்துவிடும். லீக் சிட்டி அல்லது பேர்லேண்ட் பாருங்கள். பேர்லேண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது, வீட்டில் அம்மாவுக்குச் சொல்ல அதுவே போதும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தெரு வெள்ளப் பகுதியா என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள், வீட்டுக்காரர் வாய்வார்த்தை வேண்டாம்.