தினசரி டென்ஷனுக்கு நடுவுல சின்னச் சின்ன சந்தோஷத்த எப்படி கண்டுபிடிக்கிறது?

வேலை, லோன், பிள்ளைங்க பரீட்சைன்னு ஓடும்போது சந்தோஷத்துக்கு எங்க நேரம்னு கேட்டிருக்கீங்க. பெரிய விஷயத்துக்காக காத்திருக்கிறதுதான் சிக்கலே, ஏன்னா சம்பள உயர்வோ பிடிஓ (அரசாங்கம் கட்டித் தர்ற புது) வீட்டு சாவியோ கைக்கு வந்தாலும் கொஞ்ச நாள்ல பழகிப்போயி மனசு பழைய லெவலுக்கே திரும்பிடுது, இதுக்கு பிரிக்மன், கேம்பெல்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் 1971லயே ஹெடோனிக் டிரெட்மில்னு பேரு வச்சுட்டாங்க.

சின்ன சந்தோஷம் அடிக்கடி வரும், நாமதான் கவனிக்கிறதில்ல. சிங்கப்பூர் தேக்கா சென்டர்ல தே ஹாலியா (இஞ்சி டீ) வாங்கினா ஃபோன பைக்குள்ள போட்டுட்டு அந்த இஞ்சி காரத்த மட்டும் அனுபவிச்சு குடிங்க. சாயங்காலம் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துல நடங்க, ரோட்டுக்கு 36 மீட்டர் மேல, காத்து சும்மா அள்ளும், காசும் கிடையாது (நம்மூர்ல ஓசின்னா அதுவே தனி சந்தோஷம் லா).

எமன்ஸ், மெக்கலோங்கிற சைக்காலஜிஸ்ட் ரெண்டு பேர் 2003ல வெளியிட்ட ஆய்வுல ஒரு குரூப்ப வாரம் ஒருதடவ நன்றி சொல்லத் தோணுற அஞ்சு விஷயம் வரைக்கும் எழுதச் சொன்னாங்க, 10 வாரத்துக்கு. தொல்லைய எழுதின இன்னொரு குரூப்பவிட இவங்களுக்கு வாழ்க்கை மேல திருப்தி அதிகமா இருந்துச்சு. வாரம் ஒருதடவ போதும், தினமும்னா ஹோம்வொர்க் மாதிரி ஆயிடும்.

ஆனா வாரக்கணக்கா எதுலயுமே மனசு ஒட்டலன்னா டீயெல்லாம் உதவாது, பாலிகிளினிக்ல டாக்டர்கிட்ட பேசுங்க, இல்லன்னா மனநல உதவி எண் 1771க்கு கூப்பிடுங்க, 24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க.