ஹார்டனை விட்ட கணக்கு

கேள்வி: 2012-இல் இறுதிப் போட்டிவரை வந்த ஒக்லஹோமா சிட்டி தண்டர் கூடைப்பந்து அணி, சில மாதங்களிலேயே தன் வீரர் ஜேம்ஸ் ஹார்டனை ஏன் அனுப்பியது? கஞ்சத்தனமா?

பதில்: பாதி கஞ்சத்தனம், பாதி பயம். அணியின் மற்ற நட்சத்திரங்களான டுராண்ட், வெஸ்ட்புரூக் இருவருக்கும் ஏற்கெனவே பெரிய ஒப்பந்தங்கள். அந்த ஆகஸ்டில் சக வீரர் செர்ஜ் இபாக்காவும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஓர் அணியின் மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால், உரிமையாளர் அதற்கு மேல் வரியும் கட்ட வேண்டும். சிறிய ஊர் அணிக்கு அது வயிற்றைக் கலக்கும் செலவு. ஹார்டனுக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை நான்கு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர். அணி நீட்டியது அதைவிடச் சுமார் 45 லட்சம் டாலர் குறைவு. அவ்வளவுதான் இடைவெளி! அக்டோபர் 27, சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கையில், ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். செய்தியைப் படித்த நான் கையிலிருந்த காபியை ஆறவிட்டேன். 2018-இல் அவர் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியபோது மீண்டும் எரிந்தது.

கேள்வி: மேலாளர் சாம் பிரெஸ்டியை நீங்கள் மன்னித்துவிட்டீர்களா?

பதில்: 2019-இல் நட்சத்திர வீரர் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்து, ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டரையும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளைக் குவியலாகவும் வாங்கினாரே, அதற்காகப் பெரும்பாலும் மன்னித்தேன். அவற்றில் ஒன்றில் வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். 2025-இல் கோப்பையும் வந்தது. ஹார்டன் கணக்கு மட்டும் என் நோட்டில் இன்னும் பாக்கி.