வரிசை எண் ஒன்று சொல்கிறது, விற்பவர் வேறு சொல்கிறார்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் தம் பழைய ரோலக்ஸ் கைக்கடிகாரத்தை 5 லட்சம் ரூபாய்க்குத் தர ஒப்புக்கொண்டு, அது 2008இல் தயாரானது என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். கடிகாரத்தின் வரிசை எண் 'கே' என்ற எழுத்தில் தொடங்குகிறது. இணையப் பட்டியல்களோ அதை 2001 என்கின்றன. மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: இந்த ஐயம் தீரும்வரை மீதியைக் கொடுக்காதீர்கள்.

வரிசை எண்களுக்கான ஆண்டுப் பட்டியலை ரோலக்ஸ் வெளியிடுவதில்லை. நீங்கள் பார்த்தவை சேகரிப்பாளர்கள் தொகுத்தவை. ஆகவே ஓராண்டு முன்பின் இருப்பதைக் குறையாகக் கொள்ள முடியாது. ஆனால் 1987இல் தொடங்கிய எழுத்து வரிசையில் 'கே' ஏறத்தாழ 2001ஐயும், 'எம்', 'வி' ஆகியவை 2008ஐ ஒட்டிய காலத்தையும் குறிப்பதாகவே கொள்ளப்படுகின்றன. ஏழாண்டு இடைவெளி பட்டியலின் பிழையாக இருக்க வாய்ப்பில்லை. (2010 வாக்கில் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசையற்ற எண்கள் வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய கடிகாரங்களில் எண்ணைக் கொண்டு ஆண்டை அறிய இயலாது.) எண் பொறித்த இடத்தையும் பாருங்கள். பழையவற்றில் செயினைக் கழற்றினால் 6 மணிப் பக்கத்தில் எண் தெரியும். 2005க்குப் பின் அது படிப்படியாகக் கண்ணாடிக்கு உட்புற வளையத்துக்கு மாறியது. விற்பவர் 2008இல் கடிகாரத்தை வாங்கி, அந்த ஆண்டையே தயாரிப்பு ஆண்டாக நம்பியிருக்கவும் கூடும். வாரண்டி அட்டையில் இருப்பது விற்பனைத் தேதிதான்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15ஆம் பிரிவின்படி, விவரம் கூறி விற்கப்படும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். '2008இல் தயாரானது' என்ற வாட்ஸ்அப் செய்தி அத்தகைய விவரமே என்று வாதிட முடியும். ஆகவே அதை அழித்துவிடாதீர்கள். கடிகாரம் அந்த விவரத்துக்கு மாறானது எனில், ஏற்க மறுத்து முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கடிகாரத்தை ஏற்றுக்கொண்டபின், 13ஆம் பிரிவின்படி, பொதுவாக இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். ஒப்பந்தத்தையே தள்ளிவிடுவதும் அப்போது கடினமாகலாம்: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 19ஆம் பிரிவு, தவறான கூற்றால் சம்மதம் பெறப்பட்டிருந்தால் மட்டுமே ஒப்பந்தத்தைத் தள்ளிவிட அனுமதிக்கிறது, உண்மையை அறிந்தபின் பணம் கொடுப்பவர், அந்தக் கூற்றை நம்பியே கொடுத்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்வது கடினம்.

எனவே வரிசை எண், மாடல் எண், தயாரிப்பு ஆண்டு மூன்றையும் குறித்து, விற்பவரிடம் கையெழுத்துப் பெறுங்கள். ஆண்டைத் திருத்தி எழுதினால் விலையையும் திருத்திப் பேசுங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் பொதுவாக உரிமை மாறாது என்பதால், களவுபோன கடிகாரங்களைப் பதிவுசெய்து வைத்திருக்கும், லண்டனைச் சேர்ந்த வாட்ச் ரெஜிஸ்டரில் அந்த எண்ணைச் சரிபார்ப்பது வீண்செலவன்று.

பலரும் கவனிக்காத ஒன்றும் உண்டு. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 123ஆம் பிரிவு, தங்கத்தோடு கைக்கடிகாரங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் கைப்பற்றினால், அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. முதல் விற்பனை ரசீதையோ சுங்க வரி செலுத்திய சான்றையோ கேட்டு வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டுள்ளதால், விற்பவர் மறுக்கவும் காரணமில்லை.