ஃபார்ச்சூனர் அலாய் பிக்கப்புக்கு உட்காருமா?

கேள்வி: பூப்பாறையில் இருந்து போடிக்கு ஏலக்காய், திரும்பும்போது உரம் என்று வண்டி ஓட்டுகிறேன். இசுஸு டி-மேக்ஸ் பிக்கப். இப்போது இருப்பது இரும்பு டிஸ்க், 205 ஆர்16சி டயர். கம்பத்தில் ஒருவர் ஃபார்ச்சூனரில் இருந்து கழற்றிய 17 இன்ச் அலாய் நான்கையும் 265/65 டயரோடு தருகிறார். இரண்டுக்கும் ஆறு ஓட்டைதான். லேத்காரர் நடு ஓட்டைக்கு வளையம் கடைந்து தருகிறேன், எங்காவது உரசினால் ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தடித் தட்டு போட்டு வெளியே தள்ளிக்கொள்ளலாம் என்கிறார். அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். போடலாமா?

பதில்: மாட்டினால் மாட்டும். ஆனால் மூட்டை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் இறங்குகிற வண்டிக்கு நான் மாட்டித் தர மாட்டேன்.

முதலில் லேத்காரர் சொன்னதில் சரியான பாதியைப் பார்த்துவிடுவோம். ஆறு ஓட்டையும் பொருந்தும் என்பது உண்மை. எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுவில் இருந்து நடு வரை அளந்தால் இரண்டு வண்டியிலும் 139.7 மில்லிமீட்டர். நடு ஓட்டைதான் வேறு. டொயோட்டா ரிம்மில் அது 106 மி.மீ., உங்கள் ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தின்) மூக்கு ஏறக்குறைய 100. சுற்றிலும் 3 மி.மீ. சந்து. இந்தச் சந்தை நிரப்ப வளையம் கட்டாயம், அதில் சந்தேகமில்லை.

வளையத்தை அலுமினியத்தில் கடையச் சொல்லுங்கள். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் வளையம் சமவெளியில் ஓடும் காருக்குத் தாங்கும். மலையிறக்கத்தில் முன் டிஸ்க் பிரேக் கொதிக்கும்போது அது இளகிக் கோணிப்போய்விடும். இன்னொன்று, ஹப்பின் மூக்கு தட்டையான முகத்தோடு சேரும் இடம் சரியான மூலையாக இருக்காது, சற்று வளைந்திருக்கும். வளையத்தின் உள் விளிம்பை அதற்கேற்பச் சரித்துக் கடையவில்லை என்றால் வளையம் அங்கே முட்டி நிற்கும், ரிம் முகத்தோடு முகம் உட்காராது. கண்ணுக்குத் தெரியாது. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் துருவெடுத்து, சாக்பீஸ் தடவி, ரிம்மை மாட்டிக் கையால் இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். ரிம்மின் முதுகில் சுற்றிலும் வெள்ளை ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் வளையம் திரும்ப லேத்துக்குப் போகட்டும்.

அவர் சொல்லாமல் விட்டது நட்டு. என் பட்டறைக்கு இதே மாதிரி ஒரு பிக்கப் வந்தது. எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, மூன்று இடத்தில் பேலன்ஸிங் பார்த்தாகிவிட்டது, போகவில்லை என்றார்கள். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றினேன். ஓட்டைகளின் வாயில் வெள்ளிப்பொடி மாதிரி அலுமினியத் தூள். இரண்டு ஓட்டை நீள்வட்டமாகவே ஆகியிருந்தது. காரணம் எளிது. அவர்கள் பழைய இரும்பு டிஸ்க்கின் நட்டுகளையே போட்டிருந்தார்கள். அந்த நட்டின் முனை கூம்பு. கூம்பான குழியில் உட்கார்ந்து பிடிக்கும்படி செய்தது. டொயோட்டாவின் கம்பெனி அலாயில் ஓட்டை நேராக இருக்கும், அதற்கான நட்டு வாஷரோடு தட்டையாக உட்காரும், கீழே ஒரு குழாய்க் கழுத்து ஓட்டைக்குள் இறங்கும். நேரான ஓட்டையில் கூம்பைப் போட்டு இறுக்கினால் ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே பிடிக்கும். அலுமினியம் மெத்து. தேயத் தேய நட்டு தளரும்.

ஆகவே ரிம் வாங்கினால் அதன் நட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். உங்கள் ஸ்டட்டில் (நட்டு ஏறும் போல்ட்டில்) அந்த நட்டு விரல் பலத்திலேயே சுலபமாக ஏறுகிறதா பாருங்கள். ஸ்பானர் போட்டால்தான் ஏறும் என்றால் விட்டுவிடுங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் இழை 1.5 மி.மீ. இடைவெளி என்றால், குறைந்தது 8 முழுச் சுற்றாவது நட்டு ஏற வேண்டும். இறுக்குவது டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்), வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு. காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டு 'டைட்' என்று சொல்பவரிடம் ரென்ச் எங்கே என்று கேளுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இதில் ஸ்டெப்னி விஷயத்தை எல்லாருமே மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஸ்டெப்னி பழைய இரும்பு டிஸ்க். கழுத்து நீண்ட நட்டு அதில் சேராது. ராத்திரி பத்து மணிக்குக் கொண்டை ஊசி வளைவில் பஞ்சர் என்றால், கையில் ஸ்டெப்னி இருந்தும் மாட்ட முடியாமல் நிற்பீர்கள். பழைய நட்டு ஆறு எப்போதும் வண்டியில் கிடக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் செய்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஏன் வேண்டாம் என்கிறேன்?

உயரம். உங்கள் 205 ஆர்16 டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 740 மி.மீ. 265/65 ஆர்17-க்கு 776. ஏறக்குறைய 5 சதவீதம் பெரிது. ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது என்று அர்த்தம். போடியில் இருந்து ஏறும்போது இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் வண்டி முதல் கியரைக் கேட்கும், அதையாவது சகித்துக்கொள்ளலாம். இறங்கும்போதுதான் வினை. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. ஏலக்காய் மூட்டையோடு அங்கே வண்டியைப் பிடித்து வைப்பது பாதி இன்ஜின், பாதி பிரேக். டயர் உயர உயர இன்ஜின் பிடிப்பது குறையும், அந்த மிச்சமும் பிரேக் தலையில் விழும். போதாததற்கு அதே பிரேக் பெரிய வட்டத்தை நிறுத்த வேண்டும், நெம்புகோலின் நீளம் கூடியது மாதிரி. வண்டி காலியாக இருந்தால் தெரியாது. ஒரு டன் ஏற்றிக்கொண்டு பத்தாவது வளைவு தாண்டும்போது பெடலில் தெரியும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். முள் 60 என்றால் வண்டி 63-ல் போகும்.

அகலமும் இருக்கிறது. ரிம்மின் முதுகில் ஈடி என்று வார்த்திருக்கும் எண்தான் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து ஹப்போடு சேரும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்பது. உதாரணத்துக்கு, பழைய டிஸ்க் 33, புது அலாய் 30 என்றால், 205 மி.மீ. அகலம் போய் 265 வரும்போது டயர் வெளியே 33 மி.மீ. தள்ளும், உள்ளே 27 மி.மீ. நெருங்கும். உள்ளே நெருங்குவது பின்னால் பட்டை ஸ்பிரிங்கை நோக்கி, முன்னால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்காட்டை நோக்கி. இதற்குத்தான் அவர் ஸ்பேசர் சொல்கிறார். ஸ்பேசர் போட்டால் உள்ளே உரசாது, வெளியே இன்னும் துருத்தும். பேரிங் மீது விழும் பாரம் வெளியே நகரும், ஸ்டட்டில் நட்டு பிடிக்கும் நீளம் குறையும். சுமை வண்டியில் ஸ்பேசர் என்ற பேச்சே வேண்டாம்.

டயர் சுமை தாங்குமா என்றால், எண்ணைப் பார்த்தால் தாங்கும் போலத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் 112 என்று இருந்தால் ஒரு டயருக்கு 1120 கிலோ. உங்கள் சி வகை டயரில் 110 என்றிருந்தால் 1060 கிலோதான். ஆனால் சி டயர் கனத்த காற்றில், கடினமான பக்கச்சுவரோடு சுமைக்கென்றே கட்டியது. பயணிகள் வகை டயரைச் சுமை வண்டியில் போட்டால் அதன் எண்ணை 1.1-ஆல் வகுத்துக்கொள் என்பது அமெரிக்கத் தர முறை. அப்போது 1120 சுமார் 1018 ஆகிவிடும். வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போது மெத்தைப் பக்கச்சுவர் எப்படி நெளியும் என்பது இந்தக் கணக்கிலேயே வராது. ரிம்முக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. முதுகில் மேக்ஸ் லோட் என்று வார்த்திருந்தால், உங்கள் ஆர்சியில் இருக்கும் பின் அச்சு எடையை இரண்டால் வகுத்து அதோடு ஒப்பிடுங்கள். எதுவும் வார்க்கவில்லை என்றால் ஊகத்தில் ஒரு டன்னை ஏற்றாதீர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியைத் தயாரிப்பாளர் தந்த விவரத்தில் இருந்து மாறும்படி திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்த வழக்கே கேரளத்தில் இருந்து போனதுதான். மீறினால் ஒரு திருத்தத்துக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. சரக்கு வண்டியின் ஆர்சியில் டயர் அளவும் எழுதியிருப்பார்கள், எஃப்சி-க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மட்காட்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நிற்கும் வண்டியைக் கேரள எம்விடி (மோட்டார் வாகனத் துறை) ஆட்கள் ஆர்சியைக் கேட்பதற்கு முன்பே ஓரங்கட்டிவிடுவார்கள்.

அழகுக்குத்தான் கேட்கிறீர்கள் என்றால், வேறு டி-மேக்ஸில் இருந்து கழற்றிய 16 இன்ச் ரிம்மைத் தேடுங்கள். அதே கம்பெனி வண்டி, நடு ஓட்டை ஹப்போடு சேரும், வளையம் வேண்டியிருக்காது. நட்டு எந்த வகை என்று மட்டும் அப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் 205 சி டயரையே அதில் ஏற்ற முடியுமா என்று ரிம்மின் அகலத்தைச் சொல்லி டயர் கடையில் கேளுங்கள். ஏறும் என்றால் உயரம் ஒரு நூலும் மாறாது. ஏறாது என்றால் இரும்பு டிஸ்க்குக்கு நல்லதாக ஒரு பெயின்ட் அடியுங்கள். கேலியாகச் சொல்லவில்லை, என் சொந்த வண்டிக்கு அதைத்தான் செய்திருக்கிறேன்.

அட்வான்ஸைத் திரும்ப வாங்க ஒரு வழி சொல்கிறேன். கம்பத்துக்காரரிடம் போய் அந்த அலாயின் சொந்த நட்டு 24-ம், ரிம் முதுகின் போட்டோவும் கேளுங்கள். ஃபார்ச்சூனர்காரர் புது ரிம்முக்குப் புது நட்டு போட்டிருந்தால் பழையது ஒரு சாக்கில் கிடக்கும், கிடைத்துவிடும். பெரும்பாலும் கிடைக்காது. நட்டு இல்லாத ரிம்மைத் தருகிறவர் பணத்தைத் திருப்பித் தருவதுதான் நியாயம்.